தார்ச்சாலையில் ஓடும் சூப்பர்மோட்டோவுக்குக் கப்ளிங் ரப்பர் அவசியம்

மண்பாதையில் ஓட்டுவதற்கான எண்டூரோ வண்டிக்கு 17 அங்குலச் சக்கரங்களையும் தார்ச்சாலை டயர்களையும் மாட்டிச் சூப்பர்மோட்டோவாக மாற்ற நினைப்பவர்கள் முதலில் சைலன்ஸரைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். அந்த வண்டி கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே நாள்தோறும் ஓடப்போகிறது என்றால், பின்சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பில், அதிர்ச்சியைத் தாங்கும் கப்ளிங் ரப்பர் உண்டா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நாம் அன்றாடம் ஓட்டும் பைக்குகளில் பின் ஸ்பிராக்கெட்டை (செயின் மாட்டும் பல்சக்கரத்தை) தாங்கும் தட்டின் பற்கள் ஹப்புக்குள் இருக்கும் இந்த ரப்பர் துண்டுகளுக்கு இடையே அமர்ந்திருக்கும்; இன்ஜினின் இழுப்பு அந்த ரப்பரை அழுத்திய பிறகே சக்கரத்தைச் சேரும். போட்டிக்கான மோட்டோகிராஸ், எண்டூரோ வண்டிகள் பலவற்றில், எடையைக் குறைப்பதற்காக, ஸ்பிராக்கெட்டை ஹப்பிலேயே போல்ட் போட்டு முடுக்கிவிடுகிறார்கள். மண்ணில் டயர் சற்றே வழுக்கி அதிர்ச்சியைத் தணித்துவிடுவதால் அது குறையாகத் தெரிவதில்லை. தார்ச்சாலையை இறுகப் பற்றும் டயரில் அந்த வழுக்கலுக்கு இடமில்லை. ஒற்றை சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின், கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒருமுறைதான் உந்துகிறது. அந்த உந்தல் ஒவ்வொன்றும், தொப்பூர்க் கணவாயில் ஆக்சிலரேட்டரை விட்டு விட்டுப் பிடித்து இறங்கும்போது செயின் முன்னும் பின்னுமாக இழுபடும் அடியும், கியர் பற்களையும் பேரிங்குகளையும் நேராகத் தாக்குகின்றன.

கிளட்சிலேயே ரப்பர் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். கேடிஎம்மின் டிடிஎஸ் கிளட்சில் அது உண்டு, உதவவும் செய்கிறது. ஆனால் சக்கரத்திலிருந்து செயின் வழியாகத் திரும்பி வரும் அடி, கியர்களைக் கடந்த பிறகுதான் கிளட்சை எட்டுகிறது. டிராக்கில் மட்டும் ஓடி, ஓடிய மணிநேரக் கணக்கு வைத்து இன்ஜின் பிரிக்கப்படும் வண்டிக்கு ரப்பர் இல்லாத வெறும் ஹப் போதும். சாலையில் ஓட்டுவதற்காக வந்த கேடிஎம் 690 எஸ்எம்சி ஆர் ரப்பர் ஹப்புடனேயே வருகிறது. வெறும் ஹப் உள்ள வண்டிகளுக்கு ஹான், டாலன் போன்ற நிறுவனங்கள் ரப்பர் ஹப் செய்து விற்கின்றன.

ரப்பர் ஹப் இருந்தாலும் அதை அவ்வப்போது பார்க்க வேண்டும். சக்கரம் அசையாமல் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்பிராக்கெட்டைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டினால், நல்ல ரப்பர் சற்றே அமுங்கித் திருப்பித் தள்ளும். தேய்ந்துபோனது தடையின்றி ஆடி 'டக்' என்று இடிக்கும். தட்டைக் கழற்றினால் ரப்பரின் ஒரு பக்கம் மட்டும் மழுங்கிப் பளபளத்து, ஹப்புக்குள் கரும்பொடி படிந்திருக்கும். பழைய ட்யூபை வெட்டிச் செருகி ஆட்டத்தை நிறுத்துவது நம் மெக்கானிக் கடைகளில் வழக்கம். அப்படிச் செய்தால் ஆட்டம் நின்றுவிடும், ரப்பர் அமுங்குவதற்கும் இடமில்லாமல் போய்விடும். ஆகவே புது செட்டே வாங்கிப் போடுங்கள்.