ஊழியல்ல, ஊளி

மும்பை சயான் கோலிவாடாவில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டின் சன்னலோரம் அமர்ந்து, திருச்செந்தூருக்குத் தெற்கே தம் ஊர்க் கடலுக்குள் கிடக்கும் பார்களை, அதாவது மீன் கூடும் நீரடிப் பாறைத் திட்டுகளை, மாமா ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அடுக்குவதை, சித்திரை தொடங்கி ஞாயிறுதோறும் கைப்பேசியில் பதிவுசெய்து வருகிறேன்.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் கேலிக் மொழி இடப்பெயர்களைத் தொகுத்தவர்களைப் பற்றிப் படித்ததுதான் இதற்குத் தூண்டுதல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே நிலப்படம் வரைந்த அரசு அளவைத் துறையினர், ஒவ்வொரு பெயரையும் எப்படி எழுதுவது, அதற்கு யார் சாட்சி என்று பெயரேடுகளில் குறித்துவைத்தார்கள். சாட்சிகளாகப் பெரும்பாலும் நிலக்கிழாரும் பாதிரியாரும் பள்ளி ஆசிரியருமே இருந்தார்கள். அந்தப் பாறைகளுக்கிடையே அன்றாடம் படகு செலுத்தியவர்களைப் போதிய அளவு கேட்காமல் விட்டது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். ஏனென்றால் கரையோரப் பெயர்கள் தொழிலிலிருந்து பிறந்தவை. கடல் ஏற்றத்தில் மூழ்கி வற்றத்தில் தலைகாட்டும் பாறையைக் குறிக்க, வடக்கிலிருந்து வந்த நோர்ஸ் மக்களிடம் பெற்ற ஒரு சொல் கேலிக்கில் இருக்கிறது. நீருக்கடியிலேயே கிடந்து மேலே அலையை உடைக்கும் பாறைக்கோ வேறு சொல். டார்பெர்ட் என்று பல ஊர்கள் உள்ளன. இரண்டு நீர்ப்பரப்புகளுக்கு இடைப்பட்ட குறுகிய நிலத்தின் குறுக்கே படகைச் சுமந்தோ இழுத்தோ கடத்தும் இடம் என்பதே அதன் பொருள். 1951இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட ஸ்காட்டிஷ் ஆய்வுப் பள்ளியினர் ஒலிப்பதிவுக் கருவியோடு மக்களிடமே போனார்கள். எழுத்து மட்டும் போதாது என்பதை என் நோட்டுப்புத்தகமே எனக்குக் கற்பித்தது.

மூன்றாம் ஞாயிறன்று மாமா சொன்ன ஒரு பெயரை நான் "ஊழிப்பார்" என்று எழுதி, கடல்கோளைப் பற்றிய பழைய நினைவு ஏதோ அதில் ஒளிந்திருக்கிறது என்று அரைப் பக்கம் விளக்கமும் சேர்த்திருந்தேன். வாசித்துக் காட்டியபோது அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஊழியா? இல்லம்மா, அது ஊளி மீன் படுத பாரு," என்றார். எங்கள் பக்கத்துப் பேச்சில் ழகரமும் ளகரமும் ஒன்றுபோலவே ஒலிக்கும். அந்த அரைப் பக்கத்தை அடித்துவிட்டேன். ஒலிப்பதிவு இருந்ததால் பெயர் தப்பியது.

அன்று முதல் பெயரோடு நிறுத்துவதில்லை. அந்தப் பாருக்கு எப்படிப் போவீர்கள் என்றும் கேட்கிறேன். கோவில் கோபுரமும் அதற்குப் பின்னுள்ள தேரி என்னும் செம்மணல் மேடும் ஒரே நேராக வரும்வரை வள்ளத்தை ஓட்டி, பிறகு தெற்கே வேறு இரண்டு அடையாளங்கள் ஒன்றுசேரும்போது நங்கூரம் போடுவார்களாம். சொல்லும்போதே வலது கை காற்றில் கோடு கிழிக்கிறது. அந்தக் கையையும் படம் பிடித்திருக்க வேண்டும் என்று பிறகுதான் தோன்றியது. இப்போது ஊரிலுள்ள இளைஞர்கள் ஜிபிஎஸ் கருவியில் எண்ணைப் பதிந்துவைத்துக்கொண்டு நேராகப் போய்விடுகிறார்கள். பயணத்துக்கு அது நல்லதுதான். ஆனால் எண் இருந்தால் பெயரைச் சொல்லவேண்டிய தேவையே வராது.

நாங்கள் குடியிருக்கும் இடத்தின் பெயரும் கோலி மீனவர்களின் குடியிருப்பு என்றே பொருள்படும். இரயில் நிலையத்துக்கு இன்று குரு தேக் பகதூர் நகர் என்று பெயர். இந்தப் பக்கத்து உப்பங்கழிகளை அவர்கள் என்னென்ன பெயரிட்டு அழைத்தார்கள் என்று கேட்க, மராத்தி நன்றாகப் பேசும் பக்கத்து வீட்டு அக்காவை அழைத்துக்கொண்டு ஓர் ஞாயிறு மாலை போகவிருக்கிறேன்.

இதுவரை முப்பத்தொரு பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. நான்கில் மாமாவுக்கு ஐயம். ஊரிலுள்ள அவருடைய தம்பிக்குத் தொலைபேசியில் அந்த நான்கையும் ஒலிக்கவிட்டுக் கேட்கப்போகிறோம்.