பொலிகுதிரை ஊர்வலம்

நியூசிலாந்தின் 19ஆம் நூற்றாண்டுச் செய்தித்தாள்களை அந்நாட்டுத் தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. அந்நாட்டின் கேன்டர்பரி வட்டாரத் தாள்களில் செய்திகளைவிட விளம்பரங்களே என்னை இழுக்கின்றன. அங்கே வசந்தம் பிறக்கும் செப்டம்பரை ஒட்டிப் பொலிகுதிரை (பெட்டைகளோடு இனச்சேர்க்கைக்கு விடும் ஆண் குதிரை) விளம்பரங்கள் வரிசைகட்டும். கிளைட்ஸ்டேல் என்னும் பாரம் இழுக்கும் இனக் குதிரையின் நிறம், உயரம், தகப்பன், பாட்டன், கண்காட்சியில் வென்ற பரிசு என்று கல்யாணத் தரகரே தோற்றுப்போகும் வர்ணனை!

அடுத்து வழித்தடம். திங்கள் இந்த ஊர், செவ்வாய் அந்த விடுதித் தொழுவம் என்று குதிரைக்காரர் பொலிகுதிரையை நடத்திக்கொண்டே வாரந்தோறும் சுற்றி வருவார். உழவும் பார வண்டியும் குதிரையை நம்பியிருந்த காலம். நல்ல பொலிகுதிரை வாங்க எல்லா விவசாயிக்கும் வசதி ஏது? சினைக்காலம் சுமார் 11 மாதம் என்பதால், இந்த வசந்தத்தில் சேர்த்தால் அடுத்த வசந்தத்துப் பசும்புல்லுக்குக் குட்டி வந்துவிடும்.

கட்டணம் அக்கால பிரிட்டிஷ் பணமான பவுண்டிலோ கினியிலோ. பல பெட்டைகளைக் கொண்டுவருபவருக்குச் சலுகையும் உண்டு. பொலிகுதிரை உரிமையாளரிடம் மேய்ச்சலுக்கு விடப்படும் பெட்டைகளைப் பற்றிய வரிதான் எனக்கு மிகவும் பிடித்தது: கவனமாகப் பார்த்துக்கொள்வோம், ஆனால் எதற்கும் பொறுப்பேற்க மாட்டோம். விவரமான ஆட்கள்!