எங்கள் சூப்பரின்டெண்டென்ட் போன கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த அம்மாள் போய்விட வேண்டும் என்று நினைத்தவர்களில் நானும் ஒருத்தி.

சூப்பரின்டெண்டென்ட் என்றதும் ஊரில் உள்ளவர்களுக்குப் போலீஸ் எஸ்.பி.யோ சிறை அதிகாரியோ நினைவுக்கு வரலாம். நான் இருக்கும் கலிபோர்னியாவில் அது ஒரு கல்வி மாவட்டத்தின் தலைமை நிர்வாகி. நம் ஊர் மாவட்டக் கல்வி அலுவலர்போல அரசாணையில் வந்து அரசாணையில் போகிறவர் அல்லர். ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியம் அவரை ஒப்பந்தத்தில் அமர்த்துகிறது. ஒப்பந்தம் ஒரு தடவைக்கு நான்கு ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. எங்கள் வாரியத்தில் ஐந்து பேர். ஆகவே மூன்று பேர் கை தூக்கினால் அமர்த்தலாம், மூன்று பேர் கை தூக்கினால் அனுப்பலாம். இந்தக் கணக்கு புரிய எனக்கு ஏழு ஆண்டு ஆயிற்று.

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையில் ஒரு நடுத்தர ஊர் எங்களுடையது. 2024 அக்டோபரில் சூப்பரின்டெண்டென்ட் ஒரு பட்டியலை வெளியிட்டார். மூடுவதற்குப் பரிசீலிக்கப்படும் தொடக்கப் பள்ளிகள் மூன்று. மூன்றாவது வரியில் என் மகன் நான்காம் வகுப்பு படிக்கும் பள்ளி. வீட்டிலிருந்து ஆறு நிமிட நடை. அன்றிரவு பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அவரைப் பற்றி எழுதப்பட்டவற்றை இங்கே எழுத முடியாது. நானும் இரண்டு வரி எழுதினேன்.

அவர் சொன்ன காரணத்தை அப்போது யாரும் காதில் வாங்கவில்லை. கலிபோர்னியாவில் பள்ளிக்குப் பணம் பெரும்பாலும் தினசரி வருகையைக் கணக்கிட்டு வருகிறது. பெயர்ப் பட்டியலில் இருந்தால் போதாது, பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். மாநிலம் முழுதும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் 2014-15-ல் 62 லட்சம் பேர் இருந்தார்கள், 2024-25-ல் சுமார் 58 லட்சம். வீட்டு வாடகைக்குப் பயந்து இளம் குடும்பங்கள் வெளியேறும் எங்கள் பகுதியில் சரிவு கண்ணுக்கே தெரிகிறது. ஓட்டையை அடைத்துவைத்திருந்த கொரோனா கால மத்திய நிதியும் 2024 செப்டம்பரோடு முடிந்தது. கல்வி மாவட்டங்களின் வரவுசெலவைக் கண்காணிக்கும் கவுன்டி கல்வி அலுவலகத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தது. 1991 முதல் இங்கே ஒரு சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு மாவட்டமும் இந்த ஆண்டும் அடுத்த இரண்டு ஆண்டும் கொடுக்க வேண்டிய பணத்தையெல்லாம் கொடுக்க முடியுமா என்று ஆண்டுக்கு இருமுறை சான்று தர வேண்டும். முடியும், சந்தேகம், முடியாது என்று மூன்று தரம். நாங்கள் நடுவில் இருந்தோம்.

நவம்பர் தேர்தலில் "ஒரு பள்ளியையும் மூட விடமாட்டோம்" என்று நின்ற இரண்டு பேர் ஜெயித்தார்கள். எனக்கு ஓட்டு இல்லை. எச்-1பி விசாவில் வந்து பச்சை அட்டை வரிசையில் நிற்கிறவள். விரிகுடாவைக் கடந்து சான் பிரான்சிஸ்கோ நகருக்குப் போனால், குடியுரிமை இல்லாத பெற்றோரும் பள்ளி வாரியத் தேர்தலில் ஓட்டுப் போடலாம். 2016-ல் அந்த ஊர் வாக்காளர்களே கொடுத்த உரிமை அது. எங்கள் ஊரில் கிடையாது. ஆனாலும் வீடு வீடாகப் போய்த் துண்டறிக்கை கொடுத்தேன். ஏற்கெனவே வாரியத்தில் இருந்த ஒருவரும் இவர்கள் பக்கம். ஆக மூன்று.

டிசம்பர் நடுவில் புதியவர்கள் பதவியேற்றார்கள். மறுநாளே சூப்பரின்டெண்டென்டை அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். முடியாது என்றார் எங்கள் குழுவிலிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். 2023 ஜனவரியில் தெற்கே ஆரஞ்சு ஒருங்கிணைந்த கல்வி மாவட்டத்தில் விடுமுறைக் காலத்தில், ஒரு நாள் அறிவிப்பில் சிறப்புக் கூட்டம் கூட்டி, 4-3 என்ற ஓட்டில் சூப்பரின்டெண்டென்டை வீட்டுக்கு அனுப்பினார்கள். மாநிலமே அதிர்ந்தது. கை தூக்கியவர்களில் இருவரை 2024-ல் வாக்காளர்களே ஓட்டுப் போட்டுப் பதவியிலிருந்து இறக்கியது வேறு கதை. அந்தக் களேபரத்தின் விளைவாகச் சட்டம் வந்தது. காரணம் காட்டாமல் பணிநீக்கம் செய்வதைச் சிறப்புக் கூட்டத்திலோ அவசரக் கூட்டத்திலோ செய்யக் கூடாது. தேர்தலுக்குப் பின் புது வாரியம் முதன்முறை கூடியதிலிருந்து 30 நாளுக்குள்ளும் செய்யக் கூடாது.

ஊரே அந்த முப்பது நாளை எண்ணியது, பதினாறாம் நாள் காரியத்துக்கு எண்ணுவதுபோல.

ஜனவரிக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நிகழ்ச்சி நிரல் வெளியாயிற்று. வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பு நிரலை ஒட்டியாக வேண்டும். இது பிரவுன் சட்டம் என்று எல்லோரும் சொல்லும் 1953-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. மொடெஸ்டோ ஊர்க்காரரான ரால்ஃப் பிரவுன் என்ற சட்டமன்ற உறுப்பினரின் பெயரால் அமைந்தது. உள்ளாட்சிகள் மக்கள் கண்முன் முடிவெடுக்க வேண்டும் என்பதே அதன் உயிர். ஆனால் பணியாளர் விவகாரத்துக்கு மூடிய அமர்வு உண்டு. நிரலில் இருந்தது இவ்வளவுதான்: "பொதுப் பணியாளர் ஒழுங்கு நடவடிக்கை / பணிநீக்கம் / விடுவிப்பு". பெயர் இல்லை, பதவிகூட இல்லை. அதற்குமேல் எதுவும் எழுதத் தேவையில்லை என்று சட்டமே சொல்கிறது. அடுத்த வரியில் "பணி மதிப்பீடு: சூப்பரின்டெண்டென்ட்" என்றிருந்ததால் ஊருக்குப் புரிந்தது.

அப்போது என் மாமியார் கும்பகோணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவர். திரையில் அந்த வரியை இரண்டு முறை படித்தார்.

"என்ன தப்பு செய்தார் என்று போடவில்லையே?"

"போட மாட்டார்கள் அத்தை."

"நம் ஊரிலும் போட மாட்டார்கள். இங்கே போடுவார்கள் என்று நினைத்தேன்."

அந்த வாக்கியம் எனக்கு முள்ளாகத் தைத்தது. சூப்பரின்டெண்டென்ட் போக வேண்டும் என்றுதான் நான் இருந்தேன். ஆனால் "பள்ளியை மூடப் பார்த்தார், அதனால் அனுப்புகிறோம்" என்று மூன்று பேரும் மேடையில் சொல்லட்டுமே. நாங்கள் அதற்குத்தானே துண்டறிக்கை கொடுத்தோம்?

இந்த வழியில் போகிறவர்களுக்கு உதவும் ஒரு விவரம். கூட்டம் ஆறு மணிக்கு என்று போட்டிருக்கும், எல்லோரும் ஆறு மணிக்கு வருவார்கள். மூடிய அமர்வோ ஐந்து மணிக்கே தொடங்கிவிடும். அதைப் பற்றிப் பேச விரும்பினால் அவர்கள் உள்ளே போகும் முன் பேச வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியை சொல்லியிராவிட்டால் நானும் ஆறு மணிக்குப் போய் வெறும் நாற்காலிகளைப் பார்த்திருப்பேன்.

நாலே முக்காலுக்குப் போனோம். அரங்கில் பதினைந்து பேர் இருந்திருப்பார்கள். வாசலில் பேச்சாளர் அட்டை. பெயரும் முகவரியும் கட்டாயமில்லை என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது. ஆளுக்கு மூன்று நிமிடம். நான் நிரப்பிக்கொண்டிருந்தபோது அத்தை தானும் ஓர் அட்டையை எடுத்தார். "தமிழில் பேசலாமா என்று கேள்." எழுத்தர் புருவத்தை உயர்த்தினார், கையேட்டைப் புரட்டினார், "மொழிபெயர்க்க ஆள் இருந்தால் ஆறு நிமிடம்" என்றார். மொழிபெயர்ப்பாளரோடு பேசுபவருக்குக் குறைந்தது இருமடங்கு நேரம் தர வேண்டும் என்பதும் சட்டம்தான். ஓட்டில்லாத எனக்கு மூன்று நிமிடம், சுற்றுலா விசாவில் வந்த மாமியாருக்கு ஆறு நிமிடம்.

நான் பேசியது நினைவில் வைக்கும்படி ஒன்றுமில்லை. பாதியில் மணி அடித்துவிட்டது. அத்தை மைக்கை வளைத்துத் தன் உயரத்துக்குக் கொண்டுவந்தார். பட்டுப்புடவை, மேலே என் கணவரின் குளிர்ச்சட்டை.

"நான் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்தேன். எனக்கு மேலே எத்தனையோ அதிகாரிகள் வந்தார்கள், போனார்கள். ராத்திரி ஆணை வரும், காலையில் ஆள் இருக்க மாட்டார். ஏன் என்று கேட்க எங்களுக்குப் பயம். இங்கே கேட்கலாம் என்று மருமகள் சொன்னாள். அதனால் கேட்கிறேன். அந்த அம்மாள் செய்த தப்பு என்ன? அவரிடமாவது சொன்னீர்களா?"

நான் வாக்கியம் வாக்கியமாக மொழிபெயர்த்தேன். "பயம்" வந்த இடத்தில் நாகரிகமாக "தயக்கம்" என்று வரும்படி ஓர் ஆங்கிலச் சொல்லைப் போட்டேன். அத்தை திரும்பினார். மைக் திறந்தே இருந்தது. "பயம் என்று சொன்னேனே, அதை எங்கே விட்டாய்?" முதல் வரிசையில் சிரிப்பு. மொழி புரியாவிட்டாலும் தலைமையாசிரியை ஒருவரைத் திருத்துகிறார் என்பது எந்த நாட்டிலும் புரியும்போலிருக்கிறது. சரியான சொல்லைச் சொன்னேன். மேடையின் ஓரத்தில் சூப்பரின்டெண்டென்ட் உட்கார்ந்திருந்தார். தன் முன்னிருந்த தண்ணீர்ப் புட்டியின் லேபிளை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தார். கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஐவரும் எழுந்து உள்ளே போனார்கள்.

பத்தே முக்காலுக்குக் கதவு திறந்தது. தலைவர் சொன்னது ஒரே வரி: அறிவிக்கத்தக்க நடவடிக்கை எதுவும் இல்லை. மகனின் பள்ளிப்பையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போயிருந்த அத்தையை எழுப்பி வீட்டுக்கு வந்தோம்.

பிப்ரவரி நடுவில் அடுத்த வழக்கமான கூட்டத்தில் "பரஸ்பர சம்மதத்தின் பேரில் பிரியும் ஒப்பந்தம்" 3-2 என்று நிறைவேறியது. பணிநீக்கம் அல்ல, பிரிவு. நன்றி சொல்லி ஒரு கூட்டறிக்கை, கைத்தட்டல், அவ்வளவுதான். எங்கள் குழுவில் பட்டாசுப் படங்கள் பறந்தன. நான் எதையும் போடவில்லை.

அன்றிரவே பொது ஆவணச் சட்டத்தின் கீழ் ஒரு மனு அனுப்பினேன். நம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் அக்காள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 30 நாள், இங்கே 10 நாள். ஆனால் இந்தப் பத்து நாள் ஆவணம் கைக்கு வரும் நாள் அல்ல. கொடுக்கத்தக்க ஆவணம் இருக்கிறதா இல்லையா என்று பதில் சொல்வதற்கான கெடு. பத்தாம் நாள் மாலை, இன்னும் 14 நாள் வேண்டும் என்று கடிதம் வந்தது. அதுவும் சட்டம் அனுமதிப்பதே. "உங்களிடம் உள்ள எல்லாம்" என்று கேட்டால் இழுத்தடிப்பார்கள். நான் இரண்டே ஆவணம் கேட்டேன், அவரது வேலை ஒப்பந்தமும் பிரிவு ஒப்பந்தமும். இருபத்து மூன்றாம் நாள் வந்தன.

வாசித்தேன். பிரியும்போது கொடுக்கும் பணத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2016 முதல் போட்ட ஒப்பந்தமானால் அதிகபட்சம் 12 மாதச் சம்பளம், மீதிக் காலம் அதைவிடக் குறைவானால் அந்த மாதங்களுக்கு மட்டும். எங்கள் ஆளுக்கு முழுப் பன்னிரண்டும் கொடுத்திருந்தார்கள். கூடவே அதே காலத்துக்கு, அல்லது வேறு வேலை கிடைக்கும்வரை, மருத்துவக் காப்பீடு. எட்டாவது பக்கத்தில் ஒரு ஷரத்து: இரு தரப்பும் ஒருவரையொருவர் குறைத்துப் பேசக் கூடாது, கூட்டறிக்கையைத் தாண்டி எதையும் சொல்லக் கூடாது. அத்தை கேட்ட கேள்விக்கு இனி யாரும் பதில் சொல்ல முடியாதபடி ஒரு வருடச் சம்பளம் கொடுத்துப் பூட்டிவிட்டார்கள். அதே வாரத்தில், மார்ச் 15 கெடுவுக்குள், வேலை போகலாம் என்ற முன்னறிவிப்பு மாவட்டத்தில் பல ஆசிரியர்களுக்குப் போயிற்று. என் மகனின் பள்ளி நூலகர் அவர்களில் ஒருவர்.

புதியவரைத் தேடிய படலத்தை விரிக்க ஒன்றுமில்லை. ஆள் தேடும் நிறுவனம் ஒன்றை அமர்த்தினார்கள். "அடுத்த சூப்பரின்டெண்டென்டிடம் எதிர்பார்க்கும் குணங்கள்" என்று ஒரு கருத்துக் கணிப்பு. செவிமடுப்பவர், வெளிப்படையானவர் என்று எல்லோரும் டிக் அடித்தோம். செவிமடுக்காதவர் வேண்டும் என்று யார் அடிப்பார்கள்? ஜூனில் ஒருவர் கிடைத்தார். ஓட்டெடுப்புக்கு முன் சம்பளமும் சலுகைகளும் வாய்விட்டு வாசிக்கப்பட வேண்டும் என்பது விதி. தலைவர் வாசித்தார். முந்தையவரைவிடச் சம்பளம் கூடுதல். 12 மாத ஷரத்து அப்படியே இருந்தது. ஜூலை முதல் தேதி பொறுப்பேற்றார்.

அக்டோபரில் புதியவர் வரவுசெலவு நிலையைத் திரையில் விளக்கினார். அதே சரிந்த கோடு, அதே கவுன்டி கடிதம், இன்னும் கொஞ்சம் கடுமையான மொழியில். கடைசிப் படத்தில் பரிசீலிக்கப்படும் பள்ளிகள், இந்த முறை நான்கு. எங்கள் பள்ளி இரண்டாவது வரிக்கு ஏறியிருந்தது. ஜெயித்து வந்த இருவரும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

படம் எடுத்து அத்தைக்கு அனுப்பினேன். கும்பகோணத்தில் அப்போது காலை. உடனே பதில் வந்தது: "அந்த அம்மாளுக்கு வேறு வேலை கிடைத்ததா?"

தெரியாது என்று எழுதிவிட்டு வாசலுக்குப் போய்ப் பேச்சாளர் அட்டை ஒன்றை எடுத்தேன். பெயர் கட்டாயமில்லை. எழுதினேன்.