வட்டம் என்றால் ஐந்து

2019 அக்டோபரில், சென்னையிலுள்ள தனியார் மருத்துவமனை ஒன்றின் எலும்பு முறிவு வார்டில் இரவுப் பணியிலிருந்தபோது, ஏமன் நாட்டின் தாயிஸ் நகரிலிருந்து வந்திருந்த ஓர் இளைஞரின் வலி அளவைப் பூஜ்யம் என்று குறிப்பேட்டில் பதிந்தேன். கண்ணிவெடியில் சிதைந்த அவருடைய இடது காலில் அன்று காலைதான் வெளிப்புறக் கம்பிச் சட்டம் பொருத்தியிருந்தார்கள். பூஜ்யம் முதல் பத்து வரை ஓர் எண்ணை எழுதிக் காட்டும்படி சைகையால் கேட்டதற்கு, அவர் தாளில் சிறிய வட்டம் ஒன்றைப் போட்டார். படுக்கை விரிப்பைப் பற்றியிருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்ததைக் கண்ட பிறகும் நான் தாளையே நம்பினேன். தேவைப்பட்டால் போடலாம் என்று மருத்துவர் எழுதி வைத்திருந்த வலி நிவாரண ஊசியை அன்றிரவு போடவில்லை. ஏமன், ஈராக் போன்ற நாடுகளில் வழங்கும் எண் வடிவத்தில் வட்டம் என்றால் ஐந்து, பூஜ்யத்துக்கு வெறும் புள்ளிதான் என்பதைக் காலையில் வந்த மொழிபெயர்ப்பாளர் சொல்லித்தான் அறிந்தேன். அன்றே அவர்களுடைய எண்களையும் நம்முடையவற்றையும் அருகருகே எழுதிப் படுக்கைத் தலைமாட்டில் ஒட்டினோம்.

அரபி மொழிபெயர்ப்பாளர் பகலில் மட்டுமே இருப்பார். இரவில் உடனிருக்கும் உறவினர்தான் கதி. கைபேசிச் செயலி ஏட்டு அரபியில் கேட்கும், நோயாளி தாயிஸ் பேச்சு வழக்கில் பதில் சொல்வார், திரையில் வருவது யாருக்கும் புரியாது. ஓரளவு ஆங்கிலம் தெரிந்த அவருடைய அண்ணனிடம், தூக்கத்தில் ஏன் அலறுகிறார், கெட்ட கனவு வருகிறதா என்று ஒருநாள் கேட்டேன். நோயாளி சுவரைப் பார்த்தபடி இரண்டு நிமிடம் பேசினார்; அண்ணன் திரும்பி, "ஒன்றுமில்லையாம், சிஸ்டர்" என்றார். வெடித்த இடத்தில் உடன் நடந்து வந்த நண்பரைப் பற்றியே அவர் பேசினார் என்பது மறுநாள் மொழிபெயர்ப்பாளர் தனியாகக் கேட்டபோது வெளிப்பட்டது. மனநல மருத்துவருக்கும் சேர்த்துச் செலவாகுமே என்று அண்ணன் அஞ்சியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதன் பிறகு இத்தகைய கேள்விகளை உறவினர் வழியாகக் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

கம்பி நுழையும் இடங்களுக்கு டிரஸ்ஸிங் செய்யும் நாட்களில், அரை மணி நேரத்துக்கு முன்பே வலி மருந்து கொடுத்துவிட்டு, ஒவ்வொரு பொருளையும் அவருக்குக் காட்டிய பிறகே எடுப்பேன். அவர் கையை உயர்த்தினால் நிறுத்துவேன். முடிந்ததும் "கலாஸ்" என்பேன்; அரபியில் 'முடிந்தது' என்று பொருள். உறங்கும்போது தொட்டு எழுப்பாமல், கால்மாட்டில் நின்று பெயர் சொல்லி அழைப்பதையும் வழக்கமாக்கிக்கொண்டோம்.

அந்த மாதம் 27ஆம் தேதி தீபாவளி. தெருவைப் பார்த்த அறையிலிருந்து பின்புற அறைக்கு அவரை முதல் நாளே மாற்றினோம். காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை பட்டாசு வெடிக்க அரசு அனுமதித்திருப்பதை மொழிபெயர்ப்பாளர் விளக்க, நான் அவருடைய எண்களிலேயே நேரத்தை எழுதிக் கொடுத்தேன். அந்த நேரக் கட்டுப்பாட்டை நம் ஊர் எந்த அளவுக்கு மதிக்கும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். இரவு ஒன்பதரைக்கு எங்கோ ஒரு சரம் வெடித்தது. உடல் தூக்கிப்போட, கட்டில் கம்பியைப் பற்றிக்கொண்டவர், மூச்சு சீரானதும் அந்தத் தாளை எடுத்து, எட்டு என்று நான் எழுதியிருந்த இடத்தை விரலால் தட்டித் தட்டி என்னிடம் புகார் செய்தார்.