பிரட்டு மணியைப் பைட் பைட்டாக எழுதியது

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்தில் அப்பா பால்மரம் வெட்டிய தோட்டத்தில், விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு முந்தைய ஆள் கணக்கெடுப்புக்கு, ஆள் கூட்டத் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை அடிப்பார்கள். அந்த ஓசையின் பதிவு எங்களிடம் இல்லை. ஆகவே அதை எண்களாகக் கணக்கிட்டு, ஒலி நூலகம் எதையும் நாடாமல், பைதான் என்ற நிரல்மொழியில் வேவ் என்ற ஒலிக் கோப்பாக நானே எழுதத் தொடங்கினேன்.

முனைகள் கட்டப்படாத உலோகச் சட்டத்தை அடித்தால் எழும் அதிர்வெண்கள், தந்தியில் எழுவனபோல முழு எண் மடங்குகளாக இரா. ஏறத்தாழ 1, 2.76, 5.40 என்ற விகிதத்தில் இருக்கும். இம்மூன்றையும் கூட்டி, மெல்லத் தேயவிட்டு, விநாடிக்கு 44,100 மாதிரிகள் (அந்தந்தக் கணத்தில் அலையின் உயரத்தைக் குறிக்கும் எண்கள்) வீதம் 3 விநாடிக்குக் கணக்கிட்டேன். மாதிரிக்கு 2 பைட் (ஒரு பைட் 0 முதல் 255 வரையிலான ஓர் எண்). கோப்பின் அளவு முதலிய விவரங்களைத் தாங்கி முன்னால் நிற்கும் தலைப்பின் 44 பைட்டையும் சேர்த்தால் கோப்பு 264,644 பைட் இருக்க வேண்டும்.

கிடைத்ததோ அதைவிட ஆயிரத்துக்கும் மேல் கூடுதல். மணிக்குப் பதிலாக, தகரக் கூரையில் மழை கொட்டுவது போன்ற இரைச்சல் கேட்டது.

இரண்டு இரவுகள் சூத்திரத்தையே சந்தேகித்தேன். பிறகு பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பார்த்தபோதுதான், 10 என்ற மதிப்புள்ள ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னால் நான் எழுதாத 13 நிற்பதைக் கண்டேன். பைட்டுகளை எழுத்துகளாக மாற்றி, உரை முறையில் திறந்த கோப்பில் எழுதியிருந்தேன். உரை முறையில் 10 என்பது வரி முடிவு, விண்டோஸில் அது 13, 10 என்று இரண்டாகிவிடும். ஒரு பைட் நுழைந்ததும் அதன்பின் வரும் மாதிரிகளில் மேல் பைட்டும் (எண்ணின் பெரிய பகுதி) கீழ் பைட்டும் (சிறிய பகுதி) இடம் மாறிச் சேர்கின்றன. அடுத்தது நுழையும்போது மீண்டும் சரியாகின்றன. இரைச்சலுக்கு நடுவே மணி துண்டு துண்டாகக் கேட்டதன் காரணம் அதுதான்.

கோப்பை பைட்டுகளை மாற்றாமல் எழுதும் 'டபிள்யூ-பி' என்ற பைனரி முறையில் திறந்து, எண்களைப் பைட்டுகளாக்கும் பைதானின் ஸ்ட்ரக்ட் தொகுதியால், கீழ் பைட் முன்னால் வரும் வரிசையில் ஒவ்வொரு மாதிரியையும் கட்டினேன். மூன்று அலைகளின் கூட்டுத்தொகை, 2 பைட் மாதிரி தாங்கக்கூடிய உச்ச மதிப்பான 32,767ஐத் தாண்டிய இடத்தில் அது பிழை காட்டி நின்றது. பிழையான எண்ணைச் சத்தமின்றி எழுதிவிடாத இந்தக் கண்டிப்பை நான் மிகவும் மதிக்கிறேன். வீச்சைக் குறைத்ததும் மணி ஒலித்தது.

அப்பா கேட்டுவிட்டு, "குரல் அதுதான், ஆனால் இன்னும் இழுக்கும்" என்றார். தேய்வைப் பாதியாக்கி 5 விநாடிக்கு நீட்டியும் ஒலி மூன்றிலேயே நின்றது, ஏனென்றால் தலைப்பில் பழைய அளவுகளே இருந்தன. இப்போது தலைப்பில் வர வேண்டிய தரவின் நீளத்தையும், அதனுடன் 36 கூட்டிய எண்ணையும் என் பைதான் ஸ்க்ரிப்டே கணக்கிட்டு எழுதுகிறது. கோப்பு சரியாக 441,044 பைட்.