மேல்மருவத்தூரில் ஓர் ஆடிப்பூரம்

ஆடி பிறந்துவிட்டால் திருச்சி–சென்னை நெடுஞ்சாலைக்கே செவ்வாடை கட்டிவிட்ட மாதிரி இருக்கும். வண்டியின் முகப்பில் வேப்பிலைக் கொத்து, கண்ணாடியில் மேல்மருவத்தூர் ஆதிபராசக்தி பக்தர்கள் ஊருக்கு ஊர் நடத்தும் வார வழிபாட்டு மன்றத்தின் பெயர், உள்ளே ‘ஓம் சக்தி! பராசக்தி!’ முழக்கம். போன ஆடிப்பூரத்துக்கு அத்தை ஊர் மன்றத்தார் பிடித்திருந்த வண்டியில் நானும் ஏறிக்கொண்டேன். விழுப்புரத்துக்குப் பக்கத்தில் சின்ன ஊர். எனக்குப் பக்தி உண்டா என்றால் பாதிக்குப் பாதி என்பேன். அத்தையிடம் அப்படிக் கேட்டால் முறைப்பாள்.

விடிவதற்கு முன்பே பெண்கள் கஞ்சிக் கலயத்தோடு மன்றத்து வாசலில் கூடிவிட்டார்கள். கலயத்தின் கழுத்தில் மஞ்சள் கயிறு, வாயில் வேப்பிலை. கல்லூரிக்குப் போகும் பெண் ஒருத்தி மட்டும் ஏறாமல் சுவரோரம் தயங்கி நின்றாள். அத்தை கிட்டே போய்க் காது கொடுத்தாள். “அதுக்கா அழற? அங்க அதெல்லாம் பாக்கறதில்ல. ஏறு சக்தி, இடம் போயிடும்” என்று முதுகில் தட்டி ஏற்றிவிட்டாள். இந்தப் பக்தர்கள் ஒருவரை ஒருவர் ‘சக்தி’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

நான் வளர்ந்த வீட்டில் அந்த மூன்று நாளும் பின்கட்டுத் திண்ணைதான். தட்டு தனி, பாய் தனி. மாதவிலக்கு நாளிலும் பெண்கள் கோயிலுக்கு வரலாம் என்று மேல்மருவத்தூரில் சொல்லிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. இருமுடியும் அப்படித்தான். சபரிமலைக்கு எல்லா வயதுப் பெண்களும் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் தீர்ப்புச் சொன்னபோது நாடே இரண்டுபட்டது. இங்கே அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே மார்கழி, தை மாதங்களில் பெண்கள் சக்தி மாலை போட்டு, இருமுடி கட்டி, ரயில் ரயிலாக வந்து இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நாட்களில் அவர்களுக்காகவே விரைவு ரயில்கள் மேல்மருவத்தூரில் நின்று போகும். எந்தத் தொலைக்காட்சியும் இதை விவாதித்து நான் பார்த்ததில்லை.

கோயில் வரலாறு பெரிய புராணக்கதை இல்லை. இங்கே ஒரு வேப்பமரம் இருந்தது, அதில் இனிப்பாகப் பால் வடிந்தது, 1966-ல் அடித்த புயலில் மரம் சாய, அடியிலிருந்து சுயம்பு வெளிப்பட்டது என்கிறார்கள். பள்ளி ஆசிரியராக இருந்த பங்காரு அடிகளார் அருள்வாக்கு சொல்லத் தொடங்கியதும் ஊர் வளர்ந்தது. சோழன் கட்டிய கோபுரம் கிடையாது, பாடல் பெற்ற தலமும் கிடையாது. நம் பாட்டிமார் சின்ன வயதில் பார்த்திருக்கவே முடியாத கோயில் என்பதுதான் இதன் பலம் என்று எனக்குத் தோன்றும். இடித்துத் தள்ளவேண்டிய பழைய வழக்கமே இல்லாத இடத்தில் புதிதாக எதையும் சொல்லிவிடலாம் அல்லவா?

வரிசை மெதுவாகத்தான் நகர்ந்தது. வெயில், வியர்வை, சாம்பிராணிப் புகை. முன்னால் நின்ற அம்மா கலயத்தைத் தலையிலிருந்து இறக்கவே இல்லை. கஞ்சி சிந்தி நெற்றிக் குங்குமத்தோடு வழிந்து மூக்கு நுனியில் சொட்டியது. துடைத்துவிடட்டுமா என்றேன். “விடுங்க சக்தி, அம்மா குடுத்தது” என்று சிரித்தார்.

உள்ளே சுயம்புவுக்குப் பாலபிஷேகம். இதற்காகத்தான் கூட்டமே. ஆடிப்பூரத்தில் வருகிறவர்கள் தங்கள் கையாலேயே பால் ஊற்றலாம். என் முறை வந்தபோது கை நடுங்கியது. திரைக்கு வெளியே எட்டி நின்று, குருக்களின் தோளுக்கு மேலாக அரை நொடி தீபம் பார்த்தே பழகிய கண் இது. சொம்பைச் சாய்த்தேன். அவ்வளவுதான், “நகருங்க சக்தி, நகருங்க” என்று தொண்டர்கள் தள்ளிவிட்டார்கள். அந்த ஒரு வாய்ப் பாலுக்கு என் பாதிப் பக்தி கொஞ்சம் கூடித்தான் போனது, மறைப்பதற்கென்ன.

தமிழ்நாட்டில் மூன்று பெண்கள் அர்ச்சகர் பயிற்சி முடித்தார்கள் என்பது 2023-ல் பெரிய செய்தி. செய்தியாகவேண்டியதுதான். ஆனால் அத்தை மன்றத்தில் எட்டாவது வரை படித்த பெண் கலச விளக்கு வேள்வி நடத்துகிறாள், தமிழில் போற்றி சொல்லி அர்ச்சனை செய்கிறாள், ஆண்கள் எழுந்து வந்து அவள் நீட்டும் தட்டில் ஆரத்தி ஒற்றிக்கொள்கிறார்கள். அவளை யாரும் பேட்டி எடுக்கவில்லை.

எனக்கு மனம் ஒட்டாததும் இருக்கிறது. தெருவெங்கும் அடிகளார் படம். அவரையே ‘அம்மா’ என்கிறார்கள். 2023 அக்டோபரில் அவர் மறைந்த பிறகும் பேச்சு நிகழ்காலத்தில்தான். ஒரு மனிதரை இவ்வளவு உயரத்தில் வைத்துவிட்டால் பிறகு கேள்வி கேட்பது யார்? பக்கத்தில் பொறியியல் கல்லூரி, மருத்துவமனை என்று அவர் பெயரோடு சேர்ந்த ஊரே இருக்கிறது. பத்ம ஸ்ரீ 2019-ல் வந்தது. இதையெல்லாம் அத்தையிடம் சொன்னால், “எங்கள உள்ள விட்டது அவரு. நீ படிச்ச புத்தகமா விட்டுச்சு?” என்பாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வெளியே கலயங்களை அண்டாவில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். கேழ்வரகுக் கஞ்சி, அரிசிக் கஞ்சி, நொய்க் கஞ்சி எல்லாம் ஒன்றாகக் கலந்து சாம்பல் நிறத்தில் சுழன்றது. எந்தத் தெருவில் காய்ச்சியது, யார் வீட்டு அடுப்பு என்று இனி எந்தக் கொம்பனாலும் பிரிக்க முடியாது. கையேந்தி வாங்கி நின்றபடியே குடித்தோம். ஊரில் காலனிப் பக்கம் தண்ணீர்கூடக் குடிக்காத பெரியவர் ஒருவர் எங்கள் வண்டியில் வந்திருந்தார். இரண்டாம் முறையும் கை நீட்டினார்.

திரும்பும்போது அத்தையைச் சீண்டினேன். “அந்தப் பொண்ண இங்க கூட்டிட்டு வந்தீங்க. உங்க மருமக அந்த மூணு நாள்ல நம்ம குலதெய்வக் கோயிலுக்குள்ள வரலாமா?”

“அது எப்படிடி? அங்க யாரு சொன்னா?”

“இங்க யாரு சொன்னா?”

“அம்மா சொன்னாங்க. அங்க சாமி வாயத் தொறக்கலையே.”

பின்சீட்டில் இருந்து, எங்களோடு வந்திருந்த காலனிப் பெண் ஒருத்தி குரல் கொடுத்தாள். “அடுத்த வேள்விய எங்க தெருவுல வச்சா என்ன, மன்றம் பொதுதானே சக்தி?” என்றாள். சட்டென்று முழக்கம் நின்றது. அந்தப் பெரியவர் தொண்டையைச் செருமி, தெரு குறுகல், பந்தலுக்கு இடம் பத்தாது என்றார். அளந்து பார்த்துட்டீங்களா என்றாள் அவள். அத்தை இரண்டு பக்கமும் சேராமல், முதலில் செலவைப் பேசுவோம் என்றாள். திண்டிவனம் தாண்டியும் பேச்சு ஓயவில்லை. கடைசியில் வெள்ளிக்கிழமை மன்றத்தில் வைத்து முடிவு செய்வதென்று தள்ளிப்போட்டார்கள்.