எல்டிஓ செய்முறைத் தேர்வு: லோடைக் கழற்றிப் பார்த்தீர்களா?

எல்டிஓ (உள்ளே வரும் வோல்டேஜ் வெளியே வேண்டியதைவிடச் சற்றே அதிகமாக இருந்தாலே போதும் என்கிற வோல்டேஜ் ரெகுலேட்டர்) செய்முறைத் தேர்வின் ரிசல்ட் நேற்று வந்தது. இரண்டாவது முயற்சியில் தேறிவிட்டேன். மனசு லேசானாலும் முதல் முறை விழுந்த வலி இன்னும் போகவில்லை. அது ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எனக்கு வந்தது: லித்தியம் அயான் செல்லிலிருந்து 3.3 வோல்ட். லோடு, அதாவது கரண்டை எடுக்கும் சர்க்யூட், தூங்கும்போது 10 மைக்ரோ ஆம்பியர், விழித்தால் 50 மில்லி ஆம்பியர். ஆப்-ஆம்ப் (வித்தியாசத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்), பி-சேனல் மாஸ்ஃபெட் (கரண்டைக் கட்டுப்படுத்தும் டிரான்சிஸ்டர்), 1.2 வோல்ட் ரெஃபரன்ஸ் (ஒப்பிட்டுப் பார்க்க மாறாத வோல்டேஜ்) கொடுத்திருந்தார்கள்.

கரண்டை மிச்சம் பிடிப்பதிலேயே குறியாக இருந்தேன். ஃபீட்பேக் டிவைடரில் (அவுட்புட்டைப் பிரித்து ஆப்-ஆம்புக்குத் திருப்பிக் கொடுக்கும் இரண்டு ரெசிஸ்டர்) மேலே 2.1 மெகா ஓம், கீழே 1.2 மெகா ஓம். அதில் ஓடுவது வெறும் 1 மைக்ரோ ஆம்பியர். 50 மில்லி ஆம்பியரில் அவுட்புட் கோடு கிழித்தது போல நின்றது. தேர்வாளர் ஒன்றும் பேசவில்லை, லோடு ரெசிஸ்டரைக் கழற்றினார். ஸ்கோப்பில் கோடு அலையாக ஆட ஆரம்பித்தது. ஏன் என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பேப்பரில் போட்டுப் பார்த்தபிறகுதான் புரிந்தது. லோடு குறையக் குறைய அவுட்புட் ‘போல்’ (pole: இந்த அதிர்வெண்ணுக்கு மேல் கெயின் குறைந்து ஃபேஸ் பின்தங்கும்) கீழே இறங்குகிறது. ஆப்-ஆம்புக்குள் ஏற்கெனவே தாழ்ந்த அதிர்வெண்ணில் ஒரு போல் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே ஃபேஸைப் பின்தள்ளி 180 டிகிரி பக்கம் கொண்டுபோய்விட்டன. கெயின் ஒன்றுக்குக் குறையாமல் அதைத் தொட்டால் அவுட்புட் தானாகவே ஆடும். மிச்சமிருந்த இடைவெளியைத் தின்றது நான் பெருமைப்பட்ட அந்த டிவைடர்தான். இரண்டு ரெசிஸ்டரும் இணையாக 0.76 மெகா ஓம், ஆப்-ஆம்ப் இன்புட்டில் 5 பிக்கோ ஃபாரட் என்று வையுங்கள்: 42 கிலோ ஹெர்ட்ஸில் இன்னொரு போல். காப்பாற்ற ‘ஜீரோ’வும் (zero: பின்தங்கிய ஃபேஸை மீட்டுக் கொடுக்கும் அதிர்வெண்) இல்லை. அவுட்புட்டில் 10 மைக்ரோ ஃபாரட் செராமிக் கெபாசிட்டர், அதன் ஈஎஸ்ஆர் (உள்ளேயே இருக்கும் தொடர் ரெசிஸ்டன்ஸ்) 5 மில்லி ஓம் என்றால் ஜீரோ 3 மெகா ஹெர்ட்ஸுக்கு மேலே போய் உட்கார்ந்துவிடும்.

அதனால் நான் எல்லாரிடமும் சொல்வது இது ஒன்றைத்தான்: முதலில் லோடு இல்லாத நிலைக்கு போடே ப்ளாட் (அதிர்வெண் மாற மாற கெயினும் ஃபேஸும் எப்படி மாறுகின்றன என்ற வரைபடம்) வரையுங்கள், கையால். சிமுலேஷன் அப்புறம். என்னைப் போல நிதானமாகப் போகிறவர்களுக்கு இதுதான் சரிப்படும்.

எழுத்துத் தேர்வுக்கு:

- திறன் என்றதும் 3.3/4.2 (அவுட்புட் வோல்டேஜ் / முழுதாகச் சார்ஜ் ஆன செல்லின் வோல்டேஜ்) என்று எழுதி நிறுத்தாதீர்கள். தூங்கும் லோடு 10 மைக்ரோ ஆம்பியர், ரெகுலேட்டர் தனக்கே 50 மைக்ரோ ஆம்பியர் எடுத்தால் திறன் 13 சதவீதம். 1 எடுத்தால் 71.
- 7805 (பழைய 5 வோல்ட் ரெகுலேட்டர்) வகை ஏன் கூடாது? தனக்கே சில மில்லி ஆம்பியர், ட்ராப்அவுட் (இன்புட் அவுட்புட்டைவிடக் குறைந்தது எவ்வளவு அதிகமாக இருக்க வேண்டும் என்பது) சுமார் 2 வோல்ட். அவ்வளவு போதும்.
- டிவைடர் கரண்டையும் கணக்கில் சேருங்கள்.
- எக்ஸ்5ஆர் வகை செராமிக் கெபாசிட்டரில் டிசி வோல்டேஜ் ஏறினால் கெபாசிட்டன்ஸ் குறையும். மேலே அச்சிட்ட மதிப்பை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

இரண்டாம் முறையும் அதே டிவைடர்தான். அதன் போலைச் சமாளிக்க மேல் ரெசிஸ்டருக்குக் குறுக்கே சில பிக்கோ ஃபாரட் கெபாசிட்டர் வைத்தேன். அவுட்புட் கெபாசிட்டரோடு தொடராக 1 ஓம் போட்டதில் ஜீரோ 16 கிலோ ஹெர்ட்ஸுக்கு இறங்கி வந்தது. இதற்கு ஒரு விலை உண்டு: 50 மில்லி ஆம்பியர் திடீரென ஏறும்போது அந்த 1 ஓமிலேயே 50 மில்லி வோல்ட் சரியும். அதை ரெக்கார்டில் முதல் வரியாகவே எழுதிவைத்தேன். இந்த முறை வேறு தேர்வாளர். அவரும் லோடைக் கழற்றினார். கோடு அசையவில்லை. "இந்த 1 ஓம் எதற்கு?" என்று கேட்டார். பத்து நிமிஷம் பேசினேன்.